பணம்: 250 ரூபாய்ப் பரிசு

புதிதாக டெபாசிட் போட வருபவருக்கு இந்திய வங்கி எவ்வளவு தாராளமாகப் பரிசு தரலாம்? 250 ரூபாய் வரை. ரிசர்வ் வங்கி 2016-ல் வெளியிட்ட டெபாசிட் வட்டி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஒரு டைரி, ஒரு சாவிக்கொத்து, மிஞ்சினால் மலிவான ஒரு சுவர்க் கடிகாரம். குலுக்கல், இலவச வெளிநாட்டுப் பயணம் எதுவும் கூடாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கணக்கு மாற்றி வருபவருக்கு நூற்றுக்கணக்கான டாலரையோ பவுண்டையோ ரொக்கமாகவே வங்கிகள் கொடுப்பது சகஜம். இங்கே அந்த வழி அடைபட்டிருப்பதால் ஆசை காட்டும் வேலையை வேறு சரக்குகள் செய்கின்றன: கூடுதல் வட்டி, கடைக் கூப்பன், முதல் ஆண்டு கட்டணமில்லாத டெபிட் கார்டு, எதற்கென்றே தெரியாத பாயிண்டுகள்.

வட்டியில் போட்டி வந்ததே பிற்பாடுதான். 2011 அக்டோபர் 25 வரை சேமிப்புக் கணக்கு வட்டியை நாடு முழுமைக்கும் ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது. 2003 முதல் 2011 மே வரை 3.5 சதவீதம்; பிறகு 4. அந்த மூன்றரையும் முழுசாகக் கைக்கு வந்ததில்லை. 2010 ஏப்ரல் 1-க்கு முன்பு, மாதத்தின் 10-ம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. 11-ம் தேதி 50,000 ரூபாய் கட்டி, மாதம் முடியும்வரை தொடாமல் வைத்திருந்தவருக்கு அந்தத் தொகை மீது அந்த மாதம் ஒரு பைசா கிடையாது. 10-ம் தேதிக்குள் பணத்தைப் போட்டுவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பறந்ததற்குக் காரணம் இதுதான். 2010-லிருந்து ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி கணக்கிடப்படுகிறது. அதற்கு அடுத்த ஆண்டு வட்டியை நிர்ணயிக்கும் சுதந்திரமும் வங்கிகளுக்கு வந்தது.

விளைவு, ஒரே தெருவில் இரண்டு வங்கிகள், இரண்டு வட்டி. 2025 ஜூனில் ஸ்டேட் வங்கி சேமிப்பு வட்டியை 2.5 சதவீதத்துக்கு இறக்கியது. அதே ஆண்டில் சில சிறு நிதி வங்கிகள் 7 சதவீதம் வரை என்று விளம்பரம் செய்தன. அந்த 'வரை' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. உச்ச வட்டி பெரும்பாலும் சில லட்சங்களைத் தாண்டிய தொகைக்குத்தான். அதற்குக் கீழே உள்ள பணம் குறைந்த வட்டியிலேயே கிடக்கும். கணக்கில் 25,000 ரூபாய் வைத்திருப்பவருக்கு 2.5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 875 ரூபாய். குறைந்தபட்ச சராசரி இருப்பு சில மாதம் குறைந்துபோனால் அபராதமே அதைத் தின்றுவிடும். 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி பெருநகரங்களில் புதிய கணக்குகளுக்கு இந்த இருப்பை 50,000 ரூபாய் என்று உயர்த்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே 15,000-க்கு இறங்கியது. லட்சங்களில் வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு வட்டி வித்தியாசம் நிஜமான பணம். ஆனால் ஒரு வங்கியில் ஒருவருடைய எல்லா டெபாசிட்டுக்கும் சேர்த்துத்தான் காப்பீடு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உச்சவரம்பு 2020 பிப்ரவரியில் 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது.

வட்டியைவிட அதிகம் யோசிக்க வேண்டியது, சலுகை தீர்ந்ததும் மறந்துபோகும் கணக்கைப் பற்றி. ஆதார் ஓடிபி கொண்டு வீட்டிலிருந்தே ஐந்து நிமிடத்தில் கணக்கு திறக்க முடிகிறது. ஓராண்டுக்குள் முழு கேஒய்சி முடித்தாக வேண்டும், இருப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனைகள் திறந்தவருக்கு அன்றே மறந்துவிடும். இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும். இதற்கிடையே அவர் செல்போன் எண்ணை மாற்றியிருப்பார். வங்கியில் பதிவானது பழைய எண். கைவிடப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குத் தரலாம் என்பது தொலைத்தொடர்புத் துறையின் நடைமுறை. 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை இந்தப் பிரச்சினை போனது. அப்புறம் வங்கி அனுப்பும் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப்பையில் போய் ஒலிக்கும். வாட்ஸ்அப்பைத் துடைப்பதும் எண்ணை மாற்றுவதும் நினைவில் இருப்பவருக்கு வங்கிக்குப் போய் ஒரு படிவம் நிரப்புவது மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

திருட்டு நடந்துவிட்டால் நஷ்டம் யார் தலையில்? இதற்கு 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஓர் அட்டவணை போட்டது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் நடுவில் எங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு நஷ்டமே இல்லை. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் நஷ்டம். எட்டாவது நாள் போனால் அந்த வங்கி வகுத்துக்கொண்ட கொள்கைதான் சட்டம். வாடிக்கையாளரே பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கொடுத்துவிட்டிருந்தால் புகார் செய்யும் நிமிடம் வரை போனது அவருடையது; அதற்குப் பின் போவது வங்கியுடையது. எனவே அழுது முடித்துவிட்டுப் புகார் செய்வதைவிடப் புகார் செய்துவிட்டு அழுவது லாபம். 1930 என்ற எண் அதற்குத்தான். வாடிக்கையாளர்தான் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது. இந்த ஒரு வரி பலருக்குத் தெரியாது. வங்கிக் கிளைகளில் யாரும் எடுத்துச் சொல்வதுமில்லை.

அசாமில் ஒருவருக்கு அந்த வரிதான் கை கொடுத்தது. ஆன்லைனில் வாங்கிய உடையைத் திருப்பித் தர முயன்றார். விற்பனை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி ஒருவன் பேசினான். ஒரு செயலியை இறக்கச் சொன்னான். 94,204 ரூபாய் போனது. அவர் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேட் வங்கிக்குச் சொல்லிவிட்டார். வங்கி, ரகசிய எண்களை அவரே பகிர்ந்திருப்பார் என்றது. குவஹாத்தி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்து, பணத்தை வங்கியே தர வேண்டும் என்பதை உறுதிசெய்தது. ஓடிபியைப் பிறருடன் பகிராமல் எச்சரிக்கையாக இருக்கும்படி வாடிக்கையாளர்களுக்கும் சொன்னது. 2021-ல் போன பணத்துக்கு 2025-ல் தீர்ப்பு. எல்லோராலும் தில்லி வரை நிற்க முடியாது.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை. வங்கிகளின் இணையதள முகவரிகள் '.பேங்க்.இன்' என்று முடியும்படி மாற 2025 அக்டோபர் 31 கெடு வைத்தது. போலித் தளத்தை அடையாளம் காண எளிய வழி இது. சேவை தொடர்பாக வங்கி பேசினால் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் பேச வேண்டும், விளம்பரத்துக்கு என்றால் 140 என்றது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ஸில் பணம் அனுப்புமுன் எதிராளியின் பெயரைத் திரையில் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தரச் சொன்னது. எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டுமே நம்பாமல் வேறு சரிபார்ப்பு முறைகளுக்கும் இடம் தரும் விதிகள் 2026 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தன. எல்லாம் நல்லதுதான். ஆனால் வீடியோவில் போலீஸ் சீருடையைப் பார்த்து மிரண்டு, தானே கை நடுங்க எண்ணை அழுத்திப் பணம் அனுப்பும் ஓய்வூதியரை எந்தச் சரிபார்ப்பும் தடுக்காது. அழுத்தியது அவர்தானே!

அந்த ஓய்வூதியரின் பணம் எங்கே போகிறது? இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு. கணக்கு திறப்பதற்கு உண்மையிலேயே ரொக்கப் பரிசு கிடைக்கும் இடம் இந்தியாவில் இது ஒன்றுதான். கல்லூரி மாணவர், கட்டடத் தொழிலாளி, வேலை தேடும் இளைஞர் யாரையாவது பிடித்து, "உன் பேரில் ஒரு கணக்கு திற, கார்டையும் சிம்மையும் எங்களிடம் கொடு" என்று கையில் சில ஆயிரம் ரூபாய் திணிக்கிறார்கள். 250 ரூபாய்க்கு மேல் வங்கி தரக் கூடாது என்ற நாட்டில் இந்தத் தொகை பெரிதாகத்தான் தெரியும். திருட்டுப் பணம் அந்தக் கணக்கில் சில நிமிடங்களே தங்கி அடுத்ததற்குத் தாவிவிடும். இத்தகைய கணக்குகளை மோப்பம் பிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹன்டர்' என்ற மென்பொருளை உருவாக்கியதை 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். கணக்கு முடக்கப்படும்போது தொலைதூர மாநிலம் ஒன்றின் காவல் நிலையத்திலிருந்து சம்மன் வருவது கார்டை வாங்கிப்போனவனுக்கு அல்ல. அவன் பெயர் எந்தப் படிவத்திலும் கிடையாது. பாஸ்புக்கில் போட்டோ ஒட்டியிருப்பவருக்கு.