ஐந்து கேள்விக்கு ஒரு பேராசிரியர்

கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

காலை ஏழு மணிக்கு எங்கள் கரையான்சாவடி முனையில் நின்று பாருங்கள். ஆவடி ரோட்டிலிருந்தும் குமணன்சாவடி பக்கமிருந்தும் கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மெட்ரோ தூண்களுக்குக் கீழே, கழுத்தில் அடையாள அட்டையுடன் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அதில் சிலர் நான் பாடம் நடத்தியவர்கள். பால் வாங்கப் போகும்போது "குட்மார்னிங் சார்" சொல்வார்கள். ஓய்வு பெற்றவனுக்கு அதுதான் பென்ஷனுக்கு மேல் கிடைக்கும் போனஸ்.

போன மாதம் ஒரு பெண் குட்மார்னிங் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். கூப்பிட்டுக் கேட்டேன். அரசுப் பள்ளிப் பிள்ளை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தவள். பிளஸ் டூவில் என் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. இப்போது நாலு அரியர்.

"நிறுத்திடலாம்னு இருக்கேன் சார்."

"பேப்பரைக் கொண்டு வா, எங்கே தப்புன்னு பார்ப்போம்" என்றேன்.

"பேப்பர் எங்க சார் குடுப்பாங்க? மார்க்தான் வரும். நகல் வேணும்னா ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனியா பணம் கட்டணும்."

சரி, இன்டர்னல் டெஸ்ட் பேப்பராவது கொண்டு வா என்றேன். கொண்டு வந்தாள். பதின்மூன்று மார்க் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். ஓரத்தில் சிவப்பு மையில் 5 என்று இருக்கிறது. வேறு ஒரு எழுத்து கிடையாது. எட்டு மார்க் எங்கே போனது? அவளுக்கும் தெரியவில்லை, முப்பத்து நான்கு வருடம் பேப்பர் திருத்திய எனக்கும் தெரியவில்லை.

அதே வாரம் இன்னொரு பழைய மாணவி வீட்டுக்கு வந்திருந்தாள். அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். பிஎச்.டி. முடித்தவள். பேச்சு இந்த விஷயத்துக்கு வந்தபோது சொன்னாள்: "சார், முதல் நாள் டைம்டேபிள் குடுத்தாங்க, ரூம் நம்பர் சொன்னாங்க. அவ்வளவுதான். கேள்வித்தாள் எப்படி எடுக்கணும், பேப்பர் எப்படித் திருத்தணும்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு எப்படி நடத்தினாங்களோ அப்படியே நானும் நடத்துறேன்."

இரண்டு பேரும் என் பிள்ளைகள். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வேறு இடத்தில்.

ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்த இரண்டு வருட ஆசிரியர் பட்டயம் வேண்டும். எட்டாம் வகுப்புக்கு பி.எட். வேண்டும். தகுதித் தேர்வும் வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஐந்து வருடத்துக்கு மேல் பணிக்காலம் மிச்சமுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வு தேறியாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. இருபது வருடம் பாடம் நடத்தியவர்கள் இன்று கோச்சிங் நோட்ஸோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அது சரியா தவறா என்பது வேறு பதிவு.

கல்லூரிக்கு? நெட் அல்லது செட், இல்லையென்றால் பிஎச்.டி. நெட் முதல் தாளில் 50 கேள்விகள், பத்து அலகுகள். அதில் ஒரே ஒரு அலகுதான் கற்பித்தல் திறன். அலகுக்கு ஐந்து கேள்வி. நான்கு விடையில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். ஒரு மனிதனை அறுபது பேர் முன்னால் முப்பது வருடம் நிறுத்துவதற்கு, அவனுக்குக் கற்பிக்கத் தெரியுமா என்று இந்த நாடு கேட்கும் கேள்விகள் மொத்தம் ஐந்து!

பி.எட். ஒன்றும் தேவாமிர்தம் இல்லை. காகிதத்தில் மட்டும் நடக்கும் பி.எட். கல்லூரிகளும் உண்டு, தெரியும். ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது, கற்பித்தல் பயிற்சி. என் முதல் வகுப்பில் வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க நாற்பது நிமிஷமும் போர்டுகிட்டதான் பேசினீங்க. பிள்ளைங்க பின்னாடி இருந்தாங்க" என்றார். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் முப்பத்து நான்கு வருடம் ஓட்டினேன். அந்தக் கடைசி பெஞ்ச் ஆள் கல்லூரி ஆசிரியருக்குக் கிடைப்பதே இல்லை.

"அதற்குத்தான் பயிற்சி மையங்கள் இருக்கிறதே சார்" என்று ஒரு நண்பர் கண்டிப்பாகக் கமெண்ட் போடுவார். இருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, 1987 முதல் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களில் அகடமிக் ஸ்டாஃப் காலேஜ் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஒன்று உண்டு. 2015-ல் அதற்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2023 செப்டம்பர் 5-ல் மாளவியா மிஷன் திட்டம் வந்தது, மறுபடி பெயர் மாறியது. தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கான பயிற்சி நிறுவனம் 1964-லிருந்தே இருக்கிறது. நல்ல நிறுவனம். ஆக, மையம் இல்லை என்பது என் புகார் இல்லை.

என் புகார் இதுதான்: அங்கே போவது பதவி உயர்வுக்காக. ஓரியண்டேஷன் ஒன்று, ரெஃப்ரெஷர் ஒன்று என்று கணக்குக் காட்டினால் அடுத்த நிலைக்குப் போகலாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் விஷயம் முடிந்தது. திரும்பி வந்தபின் அவர் வகுப்பில் ஏதாவது மாறியதா என்று யார் வந்து பார்த்தார்கள்? கொரோனா காலத்தில் வெபினார் என்று ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? கேமராவை அணைத்துவிட்டுச் சமையல் செய்யலாம். கடைசியில் கூகுள் ஃபார்ம் நிரப்பினால் சர்டிஃபிகேட் மெயிலில் வரும். அந்த ஒரு வருடத்தில் தமிழ்நாட்டில் சேர்ந்த சான்றிதழ்களை அடுக்கினால் எங்கள் மெட்ரோ தூணைத் தாண்டும்.

அதுவும் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு. அரசுக் கலைக் கல்லூரிகளில் 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், வருடத்தில் 11 மாதம். யு.ஜி.சி. 2019-லேயே இவர்களுக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று சொல்லிவிட்டது. பல கல்லூரிகளில் பாடத்தின் பெரும்பங்கைச் சுமப்பது இவர்கள்தான். பதவி உயர்வு இவர்களுக்குக் கிடையாது என்பதால், பதவி உயர்வுக்காக நடக்கும் பயிற்சியில் இவர்களுக்கு இடம் எங்கே?

தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளின் கதை இன்னும் அழகு. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட புகாரை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் கணக்கில்! இப்படி 353 பேர் என்றார்கள். வகுப்பிலேயே இல்லாத ஆசிரியருக்கு எந்த மையத்தில் பயிற்சி கொடுப்பது?

இப்போது தேர்வுக்கு வருகிறேன்.

2017 ஏப்ரல்-மே தேர்வுக்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீட்டுக்கு 3 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. அதில் 73,000-க்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றார்கள். முறைகேடு என்று 2018-ல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. வழக்கு நீதிமன்ற விஷயம், அதைப் பற்றி நான் பேசவில்லை. என் கேள்வி வேறு. 3 லட்சம் விண்ணப்பம் என்றால் என்ன அர்த்தம்? முதல் முறை திருத்தியதை அத்தனை பிள்ளைகள் நம்பவில்லை என்று அர்த்தம். காசு வாங்கினார்களா என்று விசாரிக்கத் துறை இருக்கிறது. திருத்தத் தெரிந்ததா என்று விசாரிக்க எந்தத் துறை இருக்கிறது?

பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் நான் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் 12 தாள், மதியம் 12 தாள். விடைக்குறிப்பு கையில் இருக்கும். எந்த வரிக்கு அரை மார்க், எந்தச் சமன்பாட்டுக்கு ஒரு மார்க் என்று அதில் இருக்கும். முதல் நாள் அதை வைத்துச் சண்டையே நடக்கும். "மாணவன் வேறு வழியில் போட்டு விடை சரியாக வந்தால்?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். திருத்திய தாளை முதன்மைத் தேர்வாளர் எடுத்துப் பார்ப்பார். கூட்டலைச் சரிபார்க்கத் தனியாக ஆள். அதிலும் தவறு வரும், வந்திருக்கிறது. ஆனாலும் இருபது பேர் ஒரே அளவுகோலைக் கையில் பிடித்திருந்தோம். கல்லூரி முகாமுக்குப் போய்வரும் என் மாணவி சொல்வது: "கீ வரும் சார், சில சமயம் லேட்டா வரும். படிச்சுப் பேச நேரம் இருக்காது. கட்டை முடிக்கணும்."

கேள்வித்தாளில் மட்டும் நவீனம் வந்துவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2, கே4 என்று போட்டிருக்கும். 1956-ல் புளூம் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவர் குழுவும் வகுத்த படிநிலை. நினைவில் வைத்தல் கீழே, ஆராய்தலும் மதிப்பிடுதலும் மேலே. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பெண் காட்டிய தாளில் "விளக்குக" என்று ஒரு கேள்வி. நோட்ஸில் உள்ளதை அப்படியே எழுத வேண்டிய கேள்வி. பக்கத்தில் கே4! ஆராய்தலாம்! நாக் குழு வரும்போது காட்டுவதற்கு ஒட்டிய லேபிள். பழைய ஊறுகாய் பாட்டிலில் "தேன்" என்று எழுதி ஒட்டினால் இனிக்குமா?

நம்ம திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணிக்காரர் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-ல் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்ய முடியும் என்றால் அது தேர்வு முறையாக இருக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பிறந்த நாளில் வருடா வருடம் எங்களுக்கு மாலை போடுகிறார்கள். அவர் சொன்னதை மட்டும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இனி, வரப்போகும் ஆட்சேபங்கள்.

"கல்லூரி மாணவர்கள் குழந்தைகளா, ஊட்டிவிட?" ஊட்டச் சொல்லவில்லை ஐயா. எட்டு மார்க் ஏன் போனது என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன். இன்னொன்றையும் யோசியுங்கள். 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. பெருமைப்படுகிறோம், படவும் வேண்டும். ஆனால் பத்துப் பேரில் ஒருவர் கல்லூரிக்குப் போன காலத்தில், ஆசிரியர் எப்படி நடத்தினாலும் வீட்டில் அப்பாவோ அண்ணனோ சொல்லித் தந்தார்கள். இன்று லோடு ஆட்டோ ஓட்டுகிற அப்பாவால் எஞ்சினியரிங் மேத்ஸ் சொல்லித் தர முடியுமா? கட்டணம் அரசு கட்டுகிறது, மாதம் ஆயிரம் ரூபாயும் தருகிறது. வாசல் வரை அழைத்துவந்து விட்டு, உள்ளே கைவிடுவது என்ன நியாயம்?

"பாடம் தெரிந்தால் போதும், நடத்துவது தானாக வரும்." ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் அப்படித்தான் நினைத்தார். மாணவர்கள் அவரைப் பாராட்டவும் செய்தார்கள். பிறகு ஒரு எளிய அடிப்படைத் தேர்வு வைத்தார். கடினமான கணக்கைப் போடுகிறவர்களுக்கு நியூட்டன் விதியே புரியவில்லை என்று தெரிந்தது. 1991 முதல் வகுப்பின் நடுவே கேள்வி கேட்டு, மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வைத்து நடத்தினார். ஹார்வர்டுக்கே தானாக வரவில்லை!

"பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதில் என்ன வேலை?" பிள்ளையை அனுப்பி வைத்தவன் நான். போய்ச் சேர்ந்தாளா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று. பிஎச்.டி. மாணவர்கள் எல்லோரும் தங்கள் பாடத்தைக் கற்பிப்பதில் பயிற்சி பெற வேண்டும் என்று யு.ஜி.சி.யின் 2022 விதியிலேயே இருக்கிறது. வாரம் நாலு முதல் ஆறு மணி நேரம் டுட்டோரியல், லேப், மதிப்பீட்டு வேலை தரலாம் என்றும் இருக்கிறது. புதுச் சட்டம் வேண்டாம். இருப்பதை நடத்துங்கள்.

இரண்டு. புதிதாகச் சேருகிறவருக்கு முதல் வருடம் பாடவேளையைக் குறையுங்கள். ஒரு மூத்த ஆசிரியர் மாதம் ஒருமுறை கடைசி பெஞ்சில் உட்காரட்டும். முதல்வருக்கு ரிப்போர்ட் எழுதக் கூடாது. இருவருக்குள் பேசிக்கொண்டால் போதும். ரிப்போர்ட் என்று வந்துவிட்டால் அன்றைக்கு நாடகம்தான் நடக்கும்.

மூன்று. கேள்வித்தாள் எடுப்பவரே மார்க் பிரிவினையோடு விடைக்குறிப்பும் எழுதட்டும். முகாமின் முதல் ஒரு மணி நேரம், ஒரே ஐந்து தாள்களின் நகலை எல்லோரும் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒருவர் 5 போட்ட தாளுக்குப் பக்கத்து நாற்காலி 10 போட்டிருப்பது அன்றைக்குத் தெரியும். இதைவிடப் பெரிய பயிற்சி இல்லை.

நான்கு. இன்டர்னல் தாளில் மார்க் குறைந்த இடத்தில் காரணம் ஒரு வரி. 25 மார்க் இன்டர்னல் என்பது பிள்ளையை மிரட்டும் சாட்டையாக இருப்பதை விட்டுவிட்டு, கற்றுத்தரும் கருவியாக மாறட்டும்.

ஐந்து. இவை எல்லாவற்றிலும் கௌரவ விரிவுரையாளர்கள் முதல் வரிசையில். பயிற்சி நாளுக்கும் சம்பளத்தோடு. பெயரில் கௌரவம் இருந்தால் போதாது.

இதற்குக் கோடிகள் வேண்டாம். ஆனால் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். காலிப் பணியிடத்தை நிரப்பாமல், ஒரு ஆள் தலையில் மூன்று ஆள் வேலையைக் கட்டிவிட்டு "ஒரு வரி எழுது" என்று சொன்னால் அவர் என்னைத்தான் திட்டுவார். அதில் நியாயமும் இருக்கும். 2023-ல் மாநிலம் முழுக்க மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தார்கள், பெரிய விவாதம் நடந்தது. எதை நடத்துவது என்று சண்டை போட்டோம். எப்படி நடத்துவது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் இப்போது ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருகிறாள். கௌரவ விரிவுரையாளர் மாணவியும் வருகிறாள். துறை வேறு என்றாலும் கணக்கு அவளுக்கு நன்றாக வரும். போன வாரம் அந்த 5 மார்க் விடையை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். இரண்டாவது படியில் ஒரு குறி மாறியிருந்தது, அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படிதான் போட்டிருந்தாள். "நான் திருத்தியிருந்தா பத்து போட்டிருப்பேன்" என்றாள் பெரியவள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்ல சார், கட்டு முடிக்கிற அவசரத்துல நானும் அஞ்சுதான் போட்டிருப்பேன்" என்றாள்.

உண்மையைச் சொன்னாள். அதிகாரத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த உண்மையிலிருந்து தொடங்குங்கள்.

கல்லூரி ஆசிரிய நண்பர்கள் கமெண்டில் எழுதுங்கள். உங்கள் முதல் வகுப்புக்கு முன்னால் யாராவது உங்களுக்கு ஏதாவது சொல்லித் தந்தார்களா?