சமையலறைச் சுவரில் ஒரு செம்புக் கம்பி



எமது பங்கு இல்லத்தின் சமையலறையைச் சென்ற ஆண்டு புதுப்பித்தோம். 1960-களில் கட்டிய அறை அது. புகையேறிய சுவர், துருவேறிய இரும்புத் தண்ணீர்க் குழாய், கதவோரம் மரப்பலகையின்மேல் பீங்கான் ஃபியூஸ்கள். ஃபியூஸ்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, இரும்புக் குழாயை எடுத்துப் பிளாஸ்டிக் குழாய் பொருத்தி, பளபளவென்று டைல்ஸ் பதித்தோம். கொத்தனார் கெட்டிக்காரர், பத்தே நாளில் முடித்தார். வந்தவர்க்கெல்லாம் நானே அறையைத் திறந்து காட்டினேன்.

நான்காம் நாள் சமையற்கார அம்மா வந்து, "சாமி, கிரைண்டரைத் தொட்டா விரல்ல சுரீர்னு இழுக்குது" என்றார். "செருப்புப் போட்டுக்கொண்டு அரையுங்கள் அம்மா" என்று கூறிவிட்டு மறையுரை தயாரிக்கப் போய்விட்டேன். இரண்டாம் முறை கூறியபோதும் அதே விடைதான். மூன்றாம் முறை அவர் கூறவில்லை. ஈரக் கையோடு தொட்டவர் தூக்கியெறியப்பட்டு வாசற்படியில் விழுந்தார். இறையருளால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. கெட்டிக்காரர் செய்த வேலையில் குறையிராது என்று எண்ணிய என் மடமைக்கு இது மிகச் சிறிய விலை.

மின்துறையில் கம்பியாளராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்தேன். அவர் கிரைண்டரைப் பார்க்கவேயில்லை. "இங்கே ஓர் இரும்புக் குழாய் இருந்ததே, எங்கே சாமி?" என்றார். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றேன். பிளக் பலகையைக் கழற்றினார். பின்னால், உறையில்லாத செம்புக் கம்பியொன்று அறுபட்ட நுனியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காலத்து வீடுகள் பலவற்றில் எர்த் கம்பியை மண்ணுக்குள் செல்லும் இரும்புக் குழாயிலேயே கட்டிவிடுவது வழக்கம். கருவியில் கசியும் மின்சாரம் அவ்வழியே ஓசையின்றி நிலத்திற்குள் இறங்கிவிடும். எங்கள் கிரைண்டர் எத்தனை ஆண்டுகளாகக் கசிந்ததோ, குழாய் தாங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் வழியே மின்சாரம் செல்லாதாகையால், குழாயை மாற்றிய அன்றே அதன் வழி அடைபட்டது. ஈரத் தரையில் நின்ற அம்மாவின் உடலே வழியாயிற்று. தண்ணீர்க் குழாயை மாற்றும் கொத்தனாருக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன கவலை? கேட்டிருக்க வேண்டியவன் நான்.

பெரியவர் பீங்கான் ஃபியூஸ்களையும் விடவில்லை. பழைய பலகைகளில் பேஸ், நியூட்ரல் இரண்டிற்குமே ஃபியூஸ் வைத்திருப்பார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் பேஸ் கம்பியில் மின்சாரம் அப்படியே நிற்கும். விளக்கு எரியவில்லையே என்று நம்பிக் கைவைப்பவர் கதி என்னவாகும்! போதாக்குறைக்கு, எங்கள் ஃபியூஸ் ஒன்றில் யாரோ தடித்த செம்புக் கம்பியை முறுக்கியிருந்தார்கள். அது எரிவதற்கு முன் வீடு எரிந்திருக்கும்.

இன்னொன்றையும் கண்டித்துச் சொன்னார். மெயின் சுவிட்சை அணைத்தால் அதற்கு அப்பால் வீட்டுக்குள் போகும் கம்பிகளே உயிரற்றுப்போகும். கம்பத்திலிருந்து மீட்டர் வழியாகச் சுவிட்ச் வரை வரும் கம்பியில் 230 வோல்ட் நின்றுகொண்டேயிருக்கும். மீட்டர்ப் பலகையை நகர்த்த வேண்டுமாயின், நாம் இன்றும் மின்வாரியம் என்றே வழங்கும் மின்பகிர்மானக் கழகத்தாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். முத்திரையைக் கொத்தனாரோ, தெரிந்த பையனோ தொடலாகாது.

பிறகு முற்றத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, எர்த்துக்கென்றே தனிக் குழாய் இறக்கினோம். ரப்பர் உறை பொரிந்து உதிர்ந்த பழைய கம்பிகள் நீங்கின. இண்டக்ஷன் அடுப்புக்குத் தனிக் கம்பி இழுத்தோம். 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும், பழைய 5 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. பலகையில் எம்.சி.பி. மட்டும் போதுமே என்றேன். அது கம்பியைக் காக்கும், ஆளைக் காக்காது என்று பெரியவர் மறுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் வைக்கச் செய்தார். டைல்ஸை மீண்டும் உடைத்தோம். செலவு இருமடங்காயிற்று; நிதிக்குழுவினர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆர்.சி.சி.பி.யில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அழுத்தி, மின்சாரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்பொறுப்பைச் சமையற்கார அம்மா தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். என்னிடம் விட அவருக்கு நம்பிக்கையில்லை போலும்.