கந்தப்பளைப் பிள்ளைகளும் குருவிட்டைப் பற்களும்

இரண்டே இரண்டு பற்கள். அவற்றை ஆதாரமாகக் கொண்டு, ஒரு காலத்தில் இலங்கைத் தீவிலே சிங்கம் உலவிற்று என 1939ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல எழுதினார். பற்கள் கிடைத்த இடம் குருவிட்டை. நீர்யானையும் காண்டாமிருகமும் இங்கு வாழ்ந்தமைக்கு இரத்தினபுரிப் பகுதியின் மாணிக்கக் குழிகளே சாட்சி கூறின. சிங்கத்தைக் கொடியில் ஏற்றியோர் பலர். அதன் பல்லைத் தேடியோர் மிகச் சிலர். அக்குழிகளைத் தோண்டியவை பெயரறியாத் தொழிலாளரின் கைகள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

சாட்சியத்தை எடைபோட்டுப் பழகிய நமக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. உயிர்ச்சுவடு பொய் சொல்லாது. ஆனால் அதனைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவன் வேண்டும். மண்ணின் எந்தப் படையிற் கிடைத்தது? எந்த விலங்கின் பல்லை ஒத்தது? எவ்வாறு வேறுபட்டது? இவ்வாறு கேட்கப் பழகுவதன்றோ விஞ்ஞானக் கல்வி!

இன்று பல நாடுகளில் மாணவர் நூதனசாலைக்குச் சென்று, உயிர்ச்சுவடுகளின் முன் நின்று, கூர்ப்பினை விளக்கும் சிறு காணொளிகளைத் தாமே எடுக்கின்றனர். கந்தப்பளைத் தோட்டத்துப் பிள்ளைகள் இதனை ஏன் செய்யலாகாது? லயத்து அறைக்குக் கைத்தொலைபேசி வந்துவிட்டது. வராதிருப்பவை இரத்தினபுரிக்குப் போக ஒரு பஸ்ஸும், உடன் சென்று விளக்க ஒரு விஞ்ஞான ஆசிரியருமே. தோட்டப் பாடசாலைகளில் அவ்வாசிரியருக்குள்ள பஞ்சம் நெடுங்காலக் குறை. மனப்பாடம் செய்த வரியைப் பரீட்சைத் தாளில் எழுதிவிடலாம்; மூன்று நிமிடம் சொந்தத் தமிழிற் பேசுவது அத்துணை எளிதன்று. 'குரங்கு மனிதனாயிற்று' என்று பிழைபடச் சொல்லும் பிள்ளையும், இருவர்க்கும் பொது மூதாதை இருந்ததைத் தேடியறிந்த பின்னரே காணொளியை முடிக்க இயலும்.

கூர்ப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் முடிந்த கதையுமன்று. கோவா பயிரிடுவோர் நன்கறிந்த வைரமுதுகு அந்துப்பூச்சி, 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாத் தீவில் டி.டி.ரீ. மருந்தை வென்றது. மருந்துக்கு மடியாதவை தப்பின. அவற்றின் சந்ததியே பெருகிற்று. நம் தோட்டத்துப் பிள்ளை தன் தகப்பனாரின் மரக்கறிப் பாத்தியிலிருந்தே படப்பிடிப்பைத் தொடங்கலாம்.

வேறொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரிடம் பத்திரம் கேட்டு, அவர்களை நாடற்றவராக்கிற்று. அக்குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. பனி யுகங்களிற் கடல் தாழ்ந்து, பாக்கு நீரிணை தரையாய்க் கிடந்தபோது, விலங்குகள் பெருநிலத்திலிருந்து நடந்தே இத்தீவை அடைந்தன. அவற்றிடம் பத்திரம் கேட்டார் எவருமிலர். இதனை நம் பிள்ளைகள் தம் வாயாற் சொல்லக் கேட்க விழைகின்றோம்.

மத்திய மாகாணக் கல்வித் திணைக்களமும் தேசிய நூதனசாலைகள் திணைக்களமும் கூடிப் பேசி, வரும் தவணையிலேயே முதற் பஸ்ஸை அனுப்புக. விளக்கவுரை தமிழில் அமைக. செலவிற் பங்கேற்குமாறு நம் சட்டத்தரணிகளையும் வைத்தியர்களையும் மரக்கறிச் செய்கையாளரையும் நாமே அணுகுவோம்.