மின்சாரக் கார்: கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்

"பெட்ரோல் போட்டு யாருக்குக் கட்டும்? மின்சாரக் கார் வாங்கினால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான்!" இந்தப் பேச்சு இன்று ஸ்ரீராமபுரத்து டீக்கடை முதல் அல்சூர் மார்க்கெட் வரை கேட்கிறது. ஷோரூம்காரர் சொன்னதை நம் தோழர்கள் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். அது பொய் என்று நாம் சொல்லவில்லை. யாருக்கு அது உண்மை என்றுதான் கேட்கிறோம். முன்பணமாகப் போகப்போவது நம் பெண்களின் கழுத்து நகை. மாதாமாதம் வயிற்றைக் கட்டிப் போட்ட சீட்டுப் பணம். வீட்டுப் போக்கியத்துக்கென்று எடுத்து வைத்த பணம்.

மின்சாரக் கார் பெங்களூருக்குப் புதிதல்ல. 2001-இல் இந்த ஊரில்தான் 'ரேவா' வந்தது. பொம்மசந்திராவில் தயாரான அந்தக் குட்டிக் கார் லண்டன் தெருக்களிலும் ஓடியது. ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் என்றார்கள். ஆனால் அதிலிருந்தது ஈய பேட்டரி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், அப்போது மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போகும். 2010-இல் மகிந்திரா கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ரேவா வாங்கியவர்கள் பெரும்பாலும் சொந்த வீடும் கார் நிறுத்த ஷெட்டும் உள்ளவர்கள். இன்றைய லித்தியம் பேட்டரி எவ்வளவோ மேல். எட்டு ஆண்டு உத்தரவாதம்கூடத் தருகிறார்கள். ஷெட் மட்டும் நம்மிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இனி கணக்கு. சிறிய கார் பெட்ரோலில் 6 லட்சம், மின்சாரத்தில் 9 லட்சம் என்று வைப்போம். (2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. மின்சாரக் காருக்கு 5 சதவீதம் முன்பே இருந்தது. ஆகவே பெட்ரோல் கார்தான் மலிந்தது.) கூடுதலான 3 லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 6,400 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய், நகர நெரிசலில் 16 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய் ஆகும். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும். வீட்டு மின்சாரம் வரி எல்லாம் சேர்த்து 7 ரூபாய் என்றால், ஷோரூம்காரர் சொன்ன அந்த ஒரு ரூபாய் வந்துவிடுகிறது. எஞ்சின் ஆயில் செலவு இல்லை. வண்டி விலை அதிகம் என்பதால் இன்சூரன்ஸ் கூடும். இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துவிடுவோம்.

ஆக, மிச்சம் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். அந்த 6,400-ஐ ஈடுகட்ட மாதம் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், பொங்கலுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஊருக்கும் போகிற குடும்பம் மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுமா? மிச்சம் 2,750, கூடுதல் தவணை 6,400. இதற்கு மேல் என்ன சொல்ல? ரயில்வேயில் யார்டில் சும்மா நிற்கும் வாகனை நாங்கள் சம்பாத்தியம் என்று எழுதுவதில்லை.

இதுவும் வீட்டில் சார்ஜ் போட முடிந்தவனுக்குத்தான். நம்மில் எத்தனை பேருக்கு அது முடியும்? மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, மீட்டர் கீழே, சந்தில் ஆட்டோ நுழைவதே பெரும்பாடு. தனி மீட்டர் வாங்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தாலும் அடுத்த வருஷம் அவர் காலி செய்யச் சொன்னால் மீட்டர் அவருக்கே. வீட்டு மீட்டரிலேயே போட்டால் இன்னொரு வம்பு உண்டு. 2023-இல் கர்நாடக அரசு கொண்டுவந்த கிருகஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழுப் பில்லும் கட்ட வேண்டும். 80 யூனிட் செலவாகும் வீட்டில் 1,000 கிலோமீட்டருக்குச் சார்ஜ் போட்டால் 223 யூனிட். இதுவரை பில் கட்டாத வீட்டுக்கு 1,560 ரூபாய் பில் வரும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்றது ஒன்றரை ரூபாய்க்கு மேல் போய்விட்டது!

வீட்டில் வழியில்லை என்றால் தனியார் விரைவு சார்ஜிங் நிலையம்தான் கதி. அங்கே யூனிட் 20 ரூபாயும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். டாக்ஸி ஓட்டும் தோழர்கள் இங்கேதான் நின்று கவனிக்க வேண்டும். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் அவர்களுக்கு மின்சாரக் கார் கட்டுப்படியாகும் என்பது பொதுப் பேச்சு. பெட்ரோலோடு ஒப்பிட்டால் சரிதான். ஆனால் அவர்கள் ஓட்டுவது சி.என்.ஜி. அல்லவா? கிலோ 90 ரூபாய், 24 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 3.75 ரூபாய். மூன்று ரூபாய்க்கும் 3.75-க்கும் உள்ள முக்கால் ரூபாய் வித்தியாசத்தில் மாதம் 2,250 மிச்சமாகும். சார்ஜுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் போகிற சவாரியையும் இதில் கழித்துக்கொள்ளுங்கள். அதே டிரைவருக்கு இரவில் பிளக் கிடைத்தால் மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். வண்டி ஒன்று, உழைப்பும் ஒன்று. சுவர் யாருடையது என்பதில்தான் லாபம் இருக்கிறது.

"சொந்தமாக வாங்காமல் கம்பெனி காரை ஓட்டலாமே" என்பார்கள். டெல்லியிலும் இங்கேயும் மின்சார டாக்ஸி விட்ட புளூஸ்மார்ட் கம்பெனி 2025 ஏப்ரலில் சேவையை நிறுத்தியது. அதன் கூட்டாளியான ஜென்சால் கம்பெனி, கார் வாங்கவென்று பெற்ற கடனில் ஒரு பகுதியை வேறு வழிக்குத் திருப்பியதாக செபி தன் இடைக்கால உத்தரவில் சொன்னது. பணத்தைக் கையாண்டவர்கள் யாரோ. ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

இது காரைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்று நாம் சொல்வது இதனால்தான். ரயிலுக்கு மின்சாரம் தலைக்கு மேலேயே கம்பியில் கூட வருகிறது, போட்டவர்கள் அரசாங்கம். தெருவில் ஓடும் தொழிலாளியின் வண்டிக்கு மட்டும் அவனவன் பிளக்கைத் தேடிக்கொள்ள வேண்டுமா? சார்ஜிங் நிலையங்களுக்கு யூனிட் 4.50 ரூபாய் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் கட்டணம் வைத்தது. இயந்திரம், இடம், நிலைக் கட்டணம், 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் உண்டுதான். இருந்தாலும் நான்கரை ரூபாய் இருபது ரூபாயாகும் வழியில் யார் யார் கை நீட்டுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? வாடகைக் குடியிருப்புப் பகுதிகளில், இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏறும் சாதாரணப் பிளக்குகளைத் தெருவோரம் பெஸ்காம் வைக்க வேண்டும். வீட்டு உபயோகத்தோடு வண்டி யூனிட்டையும் சேர்த்து ஏழையின் 200 யூனிட்டைப் பறிக்கக் கூடாது. இந்த இரண்டையும் எல்லா வார்டிலும், கன்னடத் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு, நாம் கேட்க வேண்டும். இருட்டுச் சந்தில் குடியிருப்பவன் தமிழன் மட்டுமல்லவே.

அதுவரை, வாங்கியே தீருவது என்று முடிவு செய்தவர்கள் கையெழுத்துப் போடுமுன் விலைப் பட்டியலையும் கடன் தாளையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர், இரவில் வண்டி எங்கே நிற்கும், வாடகை வண்டியாகப் பதிவு செய்தால் பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு வந்தால் போதும். கணக்கை உட்கார்ந்து பார்ப்போம். வீட்டு அம்மாக்களும் கூட வரவேண்டும், நகை அவர்களுடையது.