ஏரிக்கரைக்கு ஏற ஒரு வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற 20 ஈரநிலங்களைக் கொண்டு, இவ்விஷயத்தில் தேசத்தின் மாநிலங்களுக்கெல்லாம் தமிழ்நாடு முதன்மையாக நிற்கிறது என்று நாம் பெருமை கொள்ளும் இவ்வேளையில், நீர்நிலையின் கரைக்குச் சக்கர நாற்காலியில் ஒருவர் போய்ச்சேர இயலாதிருப்பதை வன்மையாக ஆட்சேபித்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பக்கவாதத்தால் நடமாட்டம் இழந்த என் தமக்கையார் பிராணி சாஸ்திரம் போதித்து ஓய்வு பெற்றவர். நத்தைக்குத்தி நாரையின் இரு அலகுகளுக்கு நடுவே இடைவெளி அமைந்திருப்பதைப் பற்றி எத்தனையோ குழந்தைகளுக்கு விளக்கிச் சொன்ன அவருக்கு, அப்பறவை கூடு கட்டுவதை நேரில் காண வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சென்ற மார்கழியில் அவரை ஒரு பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துச் சென்றேன். குறை அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று என்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. மோட்டார் சைக்கிள்களைத் தடுக்க வாயிலில் நட்டிருந்த கற்களுக்கிடையே நாற்காலி நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் கரைமேல் ஏறப் படிக்கட்டைத் தவிர வேறு மார்க்கமில்லை. அங்கிருந்த ஊழியர்கள், "அம்மாவை நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்று முன்வந்தார்கள். அவர்களுடைய நல்ல மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நாரையைப் பார்ப்பதற்காக அன்னியர் கைகளில் தூக்கிச் செல்லப்பட என் தமக்கையார் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கும்படி அவரைக் கேட்பது நியாயமுமில்லை.

பிறரோடு சமமாகப் பொழுதுபோக்குகளில் பங்குகொள்ளும் உரிமையை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் சிபாரிசுகளாக இருந்தால் போதாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே நாம் கோருவது சலுகையன்று.

சக்கர நாற்காலிக்குப் பாதை போட்டால் பறவைகளுக்குத் தொந்தரவு நேரும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் கவலை எனக்கும் உண்டு. சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் எழுப்பலாகாது என்னும் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதியைத் தளர்த்தும்படி நான் கேட்கவே இல்லை. நம் முன்னோர் வெட்டிய ஏரிகளுக்குக் கரை ஏற்கெனவே இருக்கிறது. பார்வையாளர்கள் நடப்பதும் அதன்மேல்தான். அதை மேடுபள்ளமின்றிச் சமன்செய்து, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைத்தால் போதும். கரையில்லாத சதுப்பில், வேண்டியபோது கழற்றி எடுக்கத்தக்க மரப்பலகைப் பாதை போடலாம். மெரினா மணலில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்கான மரப்பாதை திறக்கப்பட்டதையும், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சிதைந்த அது மீண்டும் செப்பனிடப்பட்டதையும் சென்னைவாசிகள் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைப்பிடிச் சுவரை நிற்பவர் மார்பளவுக்கு எழுப்பினால், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது சிமெண்டு மட்டுமே. அவருக்கு ஏரியுமில்லை, நாரையுமில்லை. ஆதலால் திட்டம் வரையும்போதே சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவரை உடன் அழைத்துச்சென்று, அவர் கண்மட்டத்திலிருந்து பார்த்து அளவுகளை நிர்ணயிக்க வேண்டும். ராம்சார் பட்டியலிலுள்ள 20 இடங்களில் எவற்றில் இன்று நாற்காலி செல்லும், ஏனையவற்றில் எந்தத் தேதிக்குள் செல்லும் என்பதை வனத்துறை அடுத்த வலசைக் காலத்துக்கு முன்பாகப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி