காம்பராவுக்குள் ஒரு மர்மம்

மர்மக் கதை என்றதும் நம் இலக்கிய அன்பர்களுள் பலர் முகம் சுளிக்கின்றனர். மாணவர் கையில் அத்தகைய நூலைக் கண்டால் பறித்து வைக்கும் ஆசிரியரும் உளர். பொழுதுபோக்குக்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவித் துப்பறியும் நாவலைத் தமிழில் வளர்த்த காலந்தொட்டு, மர்மம் என்றால் பூட்டிய மாளிகை, காணாமற்போன உயில், இறுதி அத்தியாயத்தில் பிடிபடும் கொலைகாரன் என்றே நாம் பழகிவிட்டோம்.

மேல்நாட்டார் மர்மத்தை மாளிகையிலிருந்து மனத்துக்கு மாற்றினர். தாயும் மகளும் ஒருவருக்கொருவர் எதை மறைக்கின்றனர் என்பதே அவர்களுடைய உளவியல் நாவல்கள் சிலவற்றுக்குக் கருவாயிற்று. அமெரிக்க எழுத்தாளர் கில்லியன் ஃபிளின் 2006 இல் வெளியிட்ட ‘ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்’ நாவலில், பெற்ற மகளுக்கே நஞ்சூட்டி நோயாளியாக்கிப் பின் அன்போடு பணிவிடை செய்கிறாள் ஒரு தாய். படிப்போர் நெஞ்சு நடுங்குகிறது. ஆயினும் புத்தகத்தை மூடியதும், அவள் மனம் பிறழ்ந்தவள் என்று சொல்லி நாம் அமைதியாக உறங்கிவிடலாம்.

அப்படி உறங்கவிடாத மர்மம் ஒன்று நம் மலையகத்தில் உண்டு. தலவாக்கலையைக் கடந்து வட்டகொடை வழியாக நானுஓயாவுக்கு ஏறும் புகையிரதத்தில் செல்வோர், தேயிலைப் பசுமைக்கிடையே வரிசையாக நிற்கும் லயங்களைக் கண்டிருப்பர். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பரா. அடுத்த காம்பராவில் இருமினாலும் இங்கே கேட்கும். இத்தகைய இடத்தில் இரகசியம் எங்ஙனம் தங்கும் என்று கேட்கலாம். தங்குகிறது, ஐயமில்லை.

எண்ணிப் பாருங்கள். மகளைப் படிக்க வைக்கவேண்டும் என்று மேற்காசியாவுக்கு வீட்டுப் பணிக்குச் செல்கிறாள் ஒரு தாய். அங்கே சம்பளம் நிலுவையில் கிடக்கிறது. கடவுச்சீட்டு எசமானியின் பெட்டியில் இருக்கிறது. தொலைபேசியில் அவள் சொல்வதோ, “நான் நல்லா இருக்கேன், நீ ஒழுங்காப் படி” என்பதுதான். இங்கே மகள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளின்றிப் பாடசாலையை விட்டு மாதங்களாகின்றன. அவள் சொல்வதோ, “படிக்கிறேம்மா.” நின்றுபோன படிப்புக்காகத் தாய் துன்பத்தைப் பொறுக்கிறாள், தாய் இல்லாத குறையால் மகளின் படிப்பு நிற்கிறது. ஒருவர் பொய்யை மற்றவர் பொய் வளர்க்கிறது. இரண்டையும் அறிந்தவர் வாசகர் ஒருவரே. இதனினும் நெஞ்சைப் பிடித்தாட்டும் கதைப்பின்னல் வேறெது?

சட்டமும் சில வேளை இரகசியத்தை விளைவிக்கிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்லலாகாது என 2013 இல் இலங்கையில் விதி வந்தது. 2022 இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் நலம் நாடிய விதிதான். ஆனால் வறுமை துரத்தும் தாய் அதனைத் தாண்ட எண்ணினால், தனக்குப் பிள்ளை உண்டு என்பதையே மறைக்கவேண்டும். எந்த மர்ம நாவலாசிரியர் இதைக் கற்பனை செய்தார்?

தமிழுக்கு இது முற்றிலும் புதிய வழியுமன்று. புதுமைப்பித்தன் 1935 இலேயே ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மருதியின் அவலத்தைத் தீட்டினார், அந்நிழல் அவள் மகள் வெள்ளைச்சியின் வாழ்விலும் படரக் காண்கிறோம். வட்டகொடைப் பகுதியின் மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தளித்தார். பேச்சில் அடக்கியதைப் பாட்டில் இறக்கிவைத்த பெண்களின் மனத்தை அங்கே காணலாம்.

இக்கதையை எழுத முனைவோருக்கு ஒன்று சொல்வேன். மேல்நாட்டாரைப் பார்த்துத் தாயைப் பேயாக்கவும் வேண்டா. நம் வழக்கப்படி அவளைத் தெய்வமாக்கவும் வேண்டா. மகளைக் காக்கவே தாய் மௌனம் சாதிக்கிறாள் என்பது உண்மை. தான் விழுந்த குழி எங்கே இருக்கிறது என்பதை அம்மௌனம் மகளுக்குக் காட்டாமல் விடுகிறது என்பதும் அதேயளவு உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லும் துணிவுள்ள நாவலே நமக்குத் தேவை.

ஆசிரிய நண்பர்கள் மாணவரிடமிருந்து மர்ம நூலைப் பறிக்குமுன் இதனைச் சிந்திக்கட்டும். மலையகத்தின் இந்த முடிச்சை அவிழ்க்கத் துப்பறிவாளன் வரவேண்டுவதில்லை. வரவுப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே தொடர்ந்து விழும் வெற்றிடத்தைக் கண்டு, லயம் வரை நடந்துபோய்க் காரணம் கேட்கும் ஓர் ஆசிரியை போதும்.