கழுவிய நார்க்கழிவு, மக்கிய நார்க்கழிவு அல்ல

பப்பாளி, கொய்யா நாற்றுப் பைகளில் தென்னை நார்க்கழிவு சேர்ப்பது நல்லதுதான். பை கனக்காது, ஈரமும் நிற்கும். ஆனால் ஆலையிலிருந்து வந்த பழுப்புக் கழிவை அப்படியே நிரப்பிவிடாதீர்கள். அதில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 112:1 என்ற விகிதத்தில் உள்ளன. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் கன்றுக்குரிய தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும். யூரியா தெளித்தாலும் பச்சை நிலைக்காது. 45 முதல் 60 நாளில் நடவேண்டிய பப்பாளிக்கு இழந்த வளர்ச்சியை ஈடுகட்ட நாள் ஏது?

கடையில் கட்டியாக வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள். கழுவினால் உப்புதான் குறையும், மக்கியதாகிவிடாது.

ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து. நிழலில் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் காத்தால் இரண்டு மாதத்தில் கறுத்து, விகிதம் 24:1 அளவுக்கு இறங்கும். யூரியா வேண்டாம் என்போர் கோழி எரு சேர்க்கலாம். பிறகே செம்மண், மணல், தொழு உரத்துடன் கலந்து பை நிரப்புங்கள்.

மக்கியதா என்ற சந்தேகம் இருந்தால், நான்கைந்து பைகளில் கீரை விதைத்துப் பாருங்கள். முளைத்தது வெளுத்தால், குவியலை இன்னும் சில வாரம் விட்டுவையுங்கள்.